இருண்ட நேரத்துக்கும் பில்: தொழிற்சாலை மின்வெட்டு வழக்குகளில் எது நிற்கும், எது நிற்காது

முதலில் கேள்வியைச் சுருக்கி வைத்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் உயரழுத்த மின் இணைப்பு வைத்து ஒரு சிறிய ஃபவுண்டரி நடத்துபவர் கேட்கிறார்: "சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகிறது. உலையில் இருக்கும் இரும்புக் குழம்பு இறுகிவிடுகிறது. வழக்குப் போட்டு நட்டஈடு வாங்க முடியுமா? இதற்கு நடுவே, பழைய கணக்கில் தணிக்கை கண்டுபிடித்தது என்று ஒரு பெருந்தொகையைக் கேட்டு, கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது?"

நான் வழக்கறிஞர் அல்ல. நூற்பாலைகளின் மின் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, மின் கட்டணத் தகராறுகளில் வழக்கறிஞர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இருட்டில் கிடந்த நேரத்துக்கு நட்டஈடு கேட்டுப் போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். அந்த இருட்டுக்கும் சேர்த்துப் போடப்பட்ட பில்லை எதிர்த்துப் போனவர்கள் பல முறை ஜெயித்திருக்கிறார்கள். உங்கள் இரண்டு கேள்விகளில் எதில் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே பதில்.

பேச்சில் எல்லாவற்றையும் "பவர் கட்" என்கிறோம். எழுத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. பற்றாக்குறையால் உத்தரவு போட்டுக் குறைப்பது மின்வெட்டு. பழுதாலும் பராமரிப்பாலும் நிற்பது மின்தடை. உங்கள் ஒருவருக்கு மட்டும் நிறுத்துவது துண்டிப்பு. சட்டம் இந்த மூன்றையும் வெவ்வேறு பிரிவுகளில் வைத்திருக்கிறது. மூன்றையும் ஒரே மனுவில் கொட்டி, உணர்ச்சி பொங்க எழுதி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

மின்தடையை முதலில் முடித்துவிடலாம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 43-ஆம் பிரிவு, கேட்பவருக்கு மின்சாரம் வழங்க வேண்டியது விநியோக உரிமதாரரின் (நமக்கு மின்வாரியத்தின்) கடமை என்கிறது. அடுத்த பிரிவே அதற்கு விலக்கு தருகிறது: புயல், வெள்ளம், அல்லது அவருடைய கட்டுப்பாட்டை மீறிய நிகழ்வு தடுத்தால் அந்தக் கடமை இல்லை. "கட்டுப்பாட்டை மீறிய" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு மரக்கிளையிலிருந்து தென்னக மின்தொகுப்பு முழுவதும் வரை நுழைந்துவிடும். நீங்கள் கையெழுத்துப் போட்ட மின்வழங்கல் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். மின்தடையால் வரும் உற்பத்தி இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

நட்டஈட்டுக்கு என்று உள்ள வழி 57-ஆம் பிரிவு. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் (கட்டணத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) செயல்பாட்டுத் தரங்களை வகுக்கும். எத்தனை மணி நேரத்துக்குள் பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். தவறினால் ஆணையம் நிர்ணயித்த இழப்பீட்டைத் தொண்ணூறு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 2020 டிசம்பர் 31 அன்று மத்திய அரசு அறிவித்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், சில இனங்களில் நுகர்வோர் கேட்காமலே இழப்பீடு வர வேண்டும் என்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைகள் வீட்டு இணைப்பை மனதில் வைத்து வகுத்தவை போலிருக்கும். இறுகிப்போன ஓர் உலையின் உள்பூச்சை இடித்து மறுபடி பூசுவதற்கு ஆகும் கூலிக்குக்கூட அவை போதாது.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. இந்த நட்டம் எப்படிப்பட்டது என்று கறுப்பு அங்கி போட்டவர்களுக்கு விளங்க வைப்பது கடினம். நூற்பாலையில் மின்சாரம் இரண்டு விநாடி போய் வந்தாலும் நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரங்கள் நின்றுவிடும். திரும்ப ஓட்டும்போது ஆயிரக்கணக்கான கதிர்களில் நூல் அறுந்து தொங்கும். பெண்கள் ஒவ்வோர் இழையாகப் பிடித்து முடிந்து முடிந்து, ஷெட் பழைய நிலைக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஈரப்பதம் மாறிவிட்டால் இன்னும் மோசம். மின்வாரியத்தின் பதிவேட்டில் அது "இரண்டு விநாடி ட்ரிப்". நட்டக் கணக்கைக் காட்டினால், "ஜெனரேட்டர் வைத்திருக்கலாமே" என்ற கேள்வி வரும். நட்டத்தைக் குறைக்க முயல வேண்டியது பாதிக்கப்பட்டவரின் கடமை என்று ஒப்பந்தச் சட்டம் சொல்வதால், அந்தக் கேள்வியை ஒதுக்கவும் முடியாது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்பார்கள். போக வேண்டாம். உத்தரப் பிரதேச மின்கழகத்துக்கும் அனிஸ் அகமது என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: வணிக நோக்கத்துக்காக மின்சாரம் வாங்குபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருளில் நுகர்வோர் ஆகமாட்டார். மின்சாரச் சட்டத்தில் நுகர்வோர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் அல்ல. விசித்திரம்தான். ஆனால் தீர்ப்பு அதுதான்.

இனி மின்வெட்டு. பணம் புரளும் இடம் இது.

2008 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு வெட்டு வந்ததை இந்தத் தொழிலில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதிகாரப்பூர்வப் பெயர் "கட்டுப்பாடு மற்றும் முறைப்படுத்தல் நடவடிக்கைகள்". நாங்கள் "ஆர் அண்டு சி" என்போம். மாதத்துக்கு இத்தனை யூனிட், இத்தனை கேவிஏ (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்திறனின் அளவு) என்று ஒதுக்கீடு. மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை, விளக்குக்கும் காவலுக்கும் போக மற்றெதற்கும் இழுக்கக் கூடாது. மீறினால் அபராதக் கட்டணம். இடையில் வெட்டு குறைந்தது. 2012 தொடக்கத்தில் மறுபடி 40-க்கு ஏறியது. 2015 ஜூன் 5 அன்றுதான் முழுவதும் விலக்கிக்கொள்ளப்பட்டது. பற்றாக்குறைக்குக் காரணங்கள் பல. அதில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை இயங்கத் தொடங்கும் வரை, தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்து ஓடவில்லை. வடக்கே மின்சாரம் மலிந்து கிடந்தாலும் இங்கே தாராளமாகக் கொண்டுவர வழியில்லை. "பற்றாக்குறை எங்கள் கட்டுப்பாட்டை மீறியது" என்ற வாதத்துக்கு இது பெரிய முட்டுக்கொடுத்தது.

இப்படி வெட்ட அதிகாரம் உண்டா என்பதில் நீண்ட நாளாகவே சந்தேகம் இல்லை. 1910-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 22பி என்ற பிரிவு மாநில அரசுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ரேணுகூட் அலுமினிய ஆலைக்காக ஹிந்துஸ்தான் அலுமினியம் நிறுவனம் உத்தரப் பிரதேச அரசை எதிர்த்து நடத்திய வழக்கில், 1979-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது: சமமாகப் பங்கிட வேண்டியிருந்தால், முறைப்படுத்தும் அதிகாரத்துக்குள் நிறுத்தும் அதிகாரமும் வந்துவிடும். 2003 சட்டத்தில் அந்த இடத்தை 23-ஆம் பிரிவு பிடித்துக்கொண்டது. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் பெரியது. இப்போது உத்தரவு போட வேண்டியது ஒழுங்குமுறை ஆணையம். அரசின் அறிக்கையோ வாரியத்தின் சுற்றறிக்கையோ தனியாக நிற்காது. தமிழ்நாட்டில் நவம்பர் 1-ல் தொடங்கிய கட்டுப்பாட்டுக்கு ஆணையத்தின் உத்தரவு 2008 நவம்பர் 28-ல்தான் வந்தது. இடைப்பட்ட நான்கு வாரங்களில் போட்ட அபராதம் செல்லுமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அப்போது எங்களுக்கும் தோன்றியது. இப்படிப்பட்ட கேள்விகள்தான் நீதிமன்றத்தில் நிற்கும். "வெட்டவே கூடாது" என்ற மனு நிற்காது. "வெட்டும் உத்தரவை யார், எந்தத் தேதியில் போட்டார்? எனக்கு எப்போது தெரிவித்தார்?" என்ற மனு நிற்கும்.

அடுத்தது தேவைக் கட்டணம். தொழிற்சாலை பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு. ஓடிய யூனிட்டுக்கு ஒன்று. ஓட்டக்கூடிய திறனுக்கு ஒன்று. இரண்டாவதைத்தான் கேவிஏ கணக்கில் தேவைக் கட்டணமாக வாங்குகிறார்கள். மாதம் முழுவதிலும், அரை மணி நேரச் சராசரியில் எது மிக உயர்ந்ததோ அதுவே பதிவான தேவை. (இப்போது பல இடங்களில் கால் மணி நேரம்.) முப்பது நாளில் ஒரே ஓர் அரை மணி நேரம் முழு ஆலையையும் ஓட்டியிருந்தால் போதும், மாதம் முழுவதற்குமான தேவைக் கட்டணம் ஏறிவிடும். ஓட்டாவிட்டாலும் ஒப்பந்தத் தேவையில் 90 விழுக்காட்டுக்குக் கட்ட வேண்டும்.

ஆயிரம் கேவிஏ ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். 40 விழுக்காடு வெட்டில் உங்களுக்கு அனுமதி அறுநூறு. ஆனால் 90 விழுக்காடு என்று கணக்கிட்டுத் தொள்ளாயிரத்துக்குப் பில் வந்தால்? கேவிஏவுக்கு 300 ரூபாய் இருந்த அந்தக் காலக் கட்டணத்தில், எடுக்கவே கூடாது என்று தடுத்த மின்சாரத்துக்கு மாதம் தொண்ணூறாயிரம் ரூபாய் போகும். இதற்குத் தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பின் 6(பி) ஒழுங்குமுறையில் ஒரு காப்பு வாசகம் இருந்தது: கட்டுப்பாடு நடப்பில் இருக்கும் காலத்தில், பதிவான தேவை அல்லது ஒதுக்கீட்டின் 90 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது தொள்ளாயிரம் அல்ல, ஐந்நூற்று நாற்பது. மாதம் 1,08,000 ரூபாய் வேறுபாடு, ஓர் ஒழுங்குமுறையின் ஒரு வரியில் கிடந்தது. அந்த வரியைப் படிக்காமல் இரண்டு ஆண்டு முழுப் பில் கட்டியவர்கள் உண்டா என்று கேட்காதீர்கள்.

இந்த வரி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1970-களின் நடுவில் நார்தர்ன் இந்தியா அயர்ன் அண்டு ஸ்டீல் நிறுவனம் ஹரியானா மாநிலத்தை எதிர்த்து நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மின்வெட்டால் எடுக்க முடியாமல் போனது நுகர்வோரின் கட்டுப்பாட்டை மீறிய நிலைமை, ஆகவே தேவைக் கட்டணத்தில் விகிதாசாரக் குறைப்பு கிடைக்க வேண்டும். மின்வாரியம் தனக்குக் கேடயமாக வைத்திருக்கும் அதே "கட்டுப்பாட்டை மீறிய" என்ற சொல், இங்கே ஆலைக்காரர் கையில் வாளானது. அந்தத் தீர்ப்பு கட்டண விதியில் இருந்த ஒரு குறிப்பிட்ட ஷரத்தின் மேல் எழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. உங்கள் ஒப்பந்தத்திலோ கட்டண ஆணையிலோ அப்படி ஒரு ஷரத்து இல்லாவிட்டால், அந்தத் தீர்ப்பை மட்டும் நீட்டிப் பயனில்லை. பீகார் வாரியத்தின் வழக்குகளிலும், ஆண்டுக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை (எவ்வளவு குறைவாக எடுத்தாலும் கட்ட வேண்டியதை) பொறுத்தவரை, ஒப்பந்த ஷரத்தை வைத்துத்தான் ஆலைகளுக்கு நிவாரணம் கிடைத்தது.

மறுபக்கத்தில் ரேமண்ட் நிறுவனத்துக்கும் மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கும் இடையே நடந்த வழக்கு இருக்கிறது. 2001-ல் சட்ட இதழ்களில் வந்தது. குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை பற்றியது. அடிக்கடி ட்ரிப், அடிக்கடி வெட்டு, ஆகவே குறைந்தபட்சத் தொகையைக் குறையுங்கள் என்பது ஆலையின் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்சத் தொகைக்கு ஈடான அளவு மின்சாரத்தையாவது வாரியம் கொடுத்திருக்கிறதா என்றுதான் பார்த்தது. அந்த அளவுக்குக் கீழே போனால்தான் நிவாரணம். "ஒப்பந்தத்தில் உள்ளது முழுவதையும் தரவில்லையே" என்பது போதாது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் எல்லா வழக்குகளும் நடக்கின்றன. மனு எழுதுவதற்கு முன் உங்கள் வழக்கு எந்தக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உத்தரவு போட்டுக் குறைத்த வெட்டா? ஹரியானா வழக்குக்குப் பக்கம். ஆங்காங்கே வந்துபோன தடையா? ரேமண்ட் பக்கம். உங்கள் ஃபவுண்டரியில் நடப்பது இரண்டாவது என்றே நினைக்கிறேன்.

ஒதுக்கீட்டை மீறியதாகப் போடும் அபராதங்களைப் பற்றி ஒரு கதை. ஆலையும் அலுவலகமும் எவை என்பது இங்கே தேவையில்லை. மாலை நேரக் கட்டுப்பாட்டை மாதம் முழுவதும் மீறியதாக ஒரு ஆலைக்குப் பல லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. மின் பிரிவு மேற்பார்வையாளர் சத்தியம் செய்கிறார்: "ஆறு மணி அடித்ததும் பிரேக்கரை நானே இறக்குகிறேன்." மீட்டரிலிருந்து இறக்கிய அரை மணிப் பதிவுகளைத் தாளில் எடுத்து விரித்தோம். 6 மணி முதல் 6.30 வரையிலான கட்டத்தில் தினமும் ஏறத்தாழ 300 கேவிஏ. அடுத்த கட்டத்திலிருந்து பத்து மணி வரை ஒன்றுமே இல்லை, விளக்கு மட்டும். எந்த ஆலைக்காரன் தினமும் முதல் அரை மணியில் மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு ஆலையை ஓட்டுவான்? திருடுகிறவன் எட்டு மணிக்கல்லவா திருடுவான்?

கைக்கடிகாரத்தை மீட்டரின் காட்சித் திரைக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். மீட்டரின் கடிகாரம் பதினொரு நிமிடம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கு ஆறு மணி என்றால் மீட்டருக்கு 6.11. எண்ணூறு கேவிஏ ஓடும் ஆலை, மீட்டரின் கணக்கில் ஆறுக்கு மேல் பதினொரு நிமிடம் ஓடியிருக்கிறது. முப்பது நிமிடத்துக்குச் சராசரி போட்டால் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. மீட்டர் சோதனைப் பிரிவின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, கடிகார வேறுபாட்டை எழுத்தில் பதிய வைத்த பிறகு அந்த நோட்டீஸ் நிற்கவில்லை. சட்டப்புத்தகம் ஒன்றுகூடத் திறக்காமல் முடிந்த வழக்கு அது. எப்போது அபராத நோட்டீஸ் வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்தக் காலத்தின் அரை மணிப் பதிவுகளைத்தான். மீட்டரின் நினைவில் அவை கொஞ்ச நாட்கள்தான் தங்கும். தாமதித்தால் பழையவை அழிந்து புதியவை ஏறிவிடும். ஆகவே எழுத்தில், ஒப்புகையோடு, உடனே கேளுங்கள்.

அபராதம் வேறு வடிவிலும் வரும். ஒப்பந்தத் தேவைக்கு மேல் இழுத்ததை 126-ஆம் பிரிவின் கீழ் "அங்கீகாரமற்ற பயன்பாடு" என்று மதிப்பிட்டு, இரு மடங்கு கட்டணம் கேட்கலாம். ஒரிசாவின் சீதாராம் ரைஸ் மில் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. அந்தப் பிரிவில் வந்த இறுதி உத்தரவாக இருந்தால் முப்பது நாட்களுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டி, 127-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய வேண்டும். உரிமையியல் நீதிமன்றம் அதைத் தொடக்கூடாது. உங்களுக்கு வந்த நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 126 என்று இருந்தால் நான் அடுத்துச் சொல்லப்போவது பொருந்தாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது குறைவாகப் பில் போட்டுவிட்டதாகத் தணிக்கை சொல்லும் நிலுவை. இங்கே 56-ஆம் பிரிவை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். துண்டிக்க வேண்டுமானால் எழுத்தில் முழுமையாகப் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும். பழைய 1910 சட்டத்தில் ஏழு நாள்தான் இருந்தது. "முழுமையாக" என்றால் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளும் துண்டிக்கும் நாளும் கணக்கில் சேராது. வாயால் சொன்னதும் தொலைபேசியில் மிரட்டியதும் நோட்டீஸ் ஆகாது. மின்திருட்டு என்று குற்றச்சாட்டு இருந்தால் உடனே துண்டிக்கலாம். அது வேறு அத்தியாயம்.

பலருக்குத் தெரியாமல் போகும் பகுதி இதற்கு அடுத்து வருகிறது. தகராறு இருக்கும்போது, கேட்ட தொகையை முழுவதும், அல்லது முந்தைய ஆறு மாதங்களில் கட்டிய கட்டணத்தின் சராசரியை வைத்துக் கணக்கிட்ட தொகையை, இரண்டில் எது குறைவோ அதை "எதிர்ப்புடன்" கட்டினால் துண்டிக்கக் கூடாது. தகராறு தீரும் வரை. எதிர்ப்புடன் என்பதை கடிதத்தில் எழுதுங்கள், செலுத்தும் விவரத்தோடு சேர்த்து அனுப்புங்கள். வெறுமனே கட்டிவிட்டுப் பிறகு "எதிர்ப்போடுதான் கட்டினேன்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தகராறு என்று ஒன்று எழுத்தில் இருக்கவும் வேண்டும். ஆட்சேபக் கடிதம் கொடுக்காதவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இரண்டு ஆண்டுக் கெடு பற்றி யாராவது உங்களுக்கு நம்பிக்கை ஊட்டியிருப்பார்கள். 56(2) அப்படித்தான் தொடங்குகிறது: முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு, தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வராத தொகையை வசூலிக்க முடியாது. ஆனால் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டது. அஜ்மீர் மின்விநியோக நிறுவனத்துக்கும் ரஹமத்துல்லா கானுக்கும் இடையிலான வழக்கில் 2020 பிப்ரவரி 18 அன்று சொன்னது இதுதான்: பில் போட்ட பிறகே தொகை "செலுத்த வேண்டியதாகிறது", தவறால் விடுபட்டதைப் பிறகு கேட்கலாம், இரண்டு ஆண்டு கடந்திருந்தால் அதற்காகத் துண்டிக்கத்தான் கூடாது, வேறு சட்டவழியில் வசூலிக்கலாம். 2021 அக்டோபரில் பிரேம் காட்டெக்ஸ் என்ற நூல் ஆலையின் வழக்கு வந்தது. மீட்டரின் பெருக்கு எண்ணைப் பத்துக்குப் பதிலாக ஐந்து என்று வைத்துப் பல காலம் பாதிப் பில் போட்டிருந்தார்கள். தவறு உங்களுடையது, நான் ஏன் கட்ட வேண்டும் என்றது ஆலை. ஆலை தோற்றது. ஆகவே "இரண்டு ஆண்டு தாண்டிவிட்டது, ஒரு பைசா தரமாட்டேன்" என்று நிற்காதீர்கள். "அதற்காக என் இணைப்பைத் தொடாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள், தவணை கொடுங்கள்" என்று நில்லுங்கள். தணிக்கைக் குறிப்பின் நகலையும் கணக்கீட்டுத் தாளையும் கேளுங்கள். நான் பார்த்த தணிக்கைக் கணக்குகளில் கூட்டல் தவறே இருந்ததுண்டு.

சரி, எங்கே போவது? 42-ஆம் பிரிவின்படி விநியோக நிறுவனத்துக்குள்ளேயே நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர். தனிப்பட்ட ஒரு நுகர்வோரின் பில் தகராறு நேராக ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகாது. மகாராஷ்டிர ஆணையத்துக்கும் ரிலையன்ஸ் எனர்ஜிக்கும் இடையிலான வழக்கில் 2007-லேயே இது முடிவாகிவிட்டது. தமிழ்நாட்டில் வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரே மன்றத்தின் தலைவராக இருந்து வந்திருக்கிறார். தன் அலுவலகம் போட்ட பில்லைத் தானே விசாரிப்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அங்கே நீங்கள் பதிய வைக்கும் ஆவணங்களைத்தான் மின்குறைதீர்ப்பாளர் படிப்பார். அந்த இருக்கையில் நான் பார்த்தவரை, கணக்கோடு போகிறவரின் பேச்சு எடுபடுகிறது.

ஆணையத்தின் உத்தரவையே எதிர்க்க வேண்டுமானால், உதாரணத்துக்கு ஒதுக்கீட்டின் அடிப்படை தவறு என்று சொல்ல வேண்டுமானால், 45 நாட்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஓர் ஆலை தனியாகவும் போகலாம், ஆனால் சுமை பெரிது. சங்கத்தின் வழியாகச் செய்யுங்கள். ஆணையத்தின் உத்தரவை விநியோகிப்பவர் மீறினார் என்று 142-ஆம் பிரிவில் மனு போடலாம். ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அந்த லட்சம் உங்களுக்கு வராது.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்பது நாளை காலை துண்டிக்கப்போகிறார்கள் என்ற நிலைக்கு மட்டும். வேறு வழி இருக்கிறதே என்று கேட்பார்கள். பல முறை, ஒரு பகுதித் தொகையைக் கட்டு, மன்றத்துக்குப் போ, அதுவரை துண்டிக்காதே என்று அனுப்பிவைப்பார்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். நோட்டீஸே இல்லாமல் துண்டித்தார்கள் என்றால் மட்டும் கதை வேறு. இந்தத் தகராறுகளில் உண்மையான நட்டத்துக்கு ஈடு கேட்க இடம் இருக்கும் ஒரே இனம் அது. அங்கே "கட்டுப்பாட்டை மீறியது" என்று சொல்ல முடியாது. சுவிட்சை இறக்கியது ஒரு கை.

இப்போது உங்கள் நோட்டீஸுக்கு வருவோம். அது கையில் கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி, உறையோடு பத்திரப்படுத்துங்கள். கடந்த ஆறு மாதப் பில்களை எடுத்துச் சராசரி போடுங்கள். பதினைந்து நாள் முடிவதற்கு நான்கைந்து நாள் முன்பே, எதிர்ப்புடன் செலுத்துவதாக ஒரு கடிதம், தணிக்கைக் குறிப்பும் கணக்கீட்டுத் தாளும் கேட்டு ஒரு கடிதம், மன்றத்துக்கு மனு ஆகிய மூன்றும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உலை இறுகும் பிரச்சினைக்கு, வாயிற்காவலரிடம் இருக்கும் பதிவேட்டைப் போல மின் அறையிலும் ஒன்று வையுங்கள்: போன நேரம், வந்த நேரம், துணைமின்நிலையத்தில் யாரிடம் கேட்டோம், என்ன சொன்னார்கள். மூன்று மாதம் தொடர்ந்து எழுதிவிட்டு, அதன் நகலோடு தனி ஃபீடர் (துணைமின்நிலையத்திலிருந்து உங்களுக்கு மட்டும் வரும் மின்பாதை) கேட்டோ, உங்கள் ஃபீடரின் பழுதைச் சரிசெய்யக் கேட்டோ மேற்பார்வைப் பொறியாளருக்கு எழுதுங்கள். நட்டஈட்டு மனுவுக்கு ஆகும் வழக்கறிஞர் கட்டணத்தை அந்தத் தனிக் கம்பிப் பாதையின் மதிப்பீட்டுத் தொகைக்கு எடுத்து வையுங்கள்.